கோட்டை மானுக்கு ஒரு புத்தகம் போடுங்கள்

இலங்கையில் தமிழில் புத்தகம் போடுகிறவர்களுக்கும், நூலகங்களுக்குப் புத்தகம் தெரிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் எழுத்தாளன் இல்லை. திருகோணமலையில் ஒரு பாடசாலைக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி, பேனை, பிரிஸ்டல் போர்ட், அதோடு இரண்டு தட்டுப் புத்தகமும் உண்டு. பிள்ளைகள் எதை வாசிக்கிறார்கள், எதை வாசிக்காமலே வெட்டி ஒட்டுகிறார்கள் என்பது கடைக்குள் இருக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் 5 நெருங்கும்போது சுற்றாடல் ஒப்படை வரும். அதற்கென்றே ஒரு தாள் ஊரில் சுற்றுகிறது. யார் முதலில் கொண்டுவந்தார்களோ, பிரதிக்குப் பிரதி எடுத்து அதற்கும் பிரதி எடுத்தாயிற்று. பனிக்கரடி, பாண்டா, பென்குயின் மூன்றும் அதில் உண்டு. பனிக்கரடியின் முகம் இப்போது கறுப்புத் திட்டாகிவிட்டது. கீழே கொட்டை எழுத்தில் ‘இயற்கையைப் பாதுகாப்போம்’. நானும் அதை அடித்துக் கொடுத்துக் காசு வாங்கியவன்தான், மறைக்கவில்லை.

போன வருடம் தரம் ஏழு படிக்கிற பிள்ளை ஒன்று அந்தத் தாளை வாங்கிவிட்டுப் போகாமல் நின்றாள். “அங்கிள், கோட்டைக்குள்ள நிக்கிற மான் ஏன் லஞ்ச் சீட் தின்னுது? அதுக்குப் புல் பிடிக்காதா?”

கோணேசர் கோயிலுக்குப் போகும் எவரும் பார்த்த காட்சிதான். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டினால் புள்ளிமான்கள் ஆடு மாதிரி நிற்கும், குப்பையைக் கிளறும். நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடைத் தட்டில் தேடினேன். ஒரு நூலகத்துக்கும் போனேன். ‘சுற்றாடல்’ என்று எழுதிய தட்டில் பரீட்சை வழிகாட்டிகளும், கருத்தரங்கு மலர்களும், யாரோ அன்பளிப்புச் செய்த பளபளப்பான ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் இருந்தன. புள்ளிமானை எங்கும் காணவில்லை.

அப்புறம் ஒரு கால்நடை வைத்தியர் ஏதோ படிவம் பிரதி எடுக்க வந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டேன். லஞ்ச் சீட் பொலித்தீன்தான், சோறும் கறியும் கட்டின அந்தத் தாளில் உப்பும் வாசமும் ஒட்டியிருக்கிறது, மான் அதைத் தேடித்தான் வருகிறது என்றார். கோடையில் புல் காய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மானும் மாடு போல அசைபோடுகிற சாதி. பொலித்தீன் முதல் இரைப்பையிலேயே பந்தாகச் சுருண்டு கிடக்கும். செரிக்கவும் செரிக்காது, வெளியே வரவும் வராது. வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைத்து மான் மேயாமல் இருந்துவிடும். வயிறு முட்ட முட்டப் பட்டினியில் சாகும். எல்லாம் பத்து நிமிடக் கதை. போகிற போக்கில், ஆண் மானின் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும், முளைக்கும்போது வெல்வெட் துணி போர்த்த மாதிரி இருக்கும், மாட்டுக் கொம்பு அப்படி விழாது என்றும் சொன்னார். எனக்கு அதுவும் புதுசு.

அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் நின்று வாசித்தார்கள். பிள்ளைகளை ஏற்றவந்த ஓட்டோக்காரர்களும் வாசித்தார்கள். பனிக்கரடித் தாளை ஒருவரும் வாசித்து நான் பார்த்ததில்லை.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். என் கடைக்கு வந்த தமிழ்ச் சுற்றாடல் புத்தகங்களில் பாதி அறிவுரை, மீதி புலம்பல். மரத்தை வெட்டாதே என்கிறது, அது என்ன மரம் என்று சொல்லாது. பாதுகாக்கச் சொல்வதற்கு முன் கொஞ்சம் அறிமுகம் செய்து வையுங்களேன்.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கடலையே எடுங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. அந்தக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு தொடங்கி, 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட இவ்வளவு ஆழம் இருப்பதால்தான் திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. சதுரத் தலையுள்ள ஸ்பேர்ம் திமிங்கிலம் அந்த இருட்டுக்குள் இறங்கிக் கணவாய் பிடித்துத் தின்னும். அது தின்பது நாங்கள் பிரட்டல் வைக்கிற கணவாயின் பெரிய சொந்தக்காரர்களை. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு, 1982 முதல் 1984 வரை டியூலிப் என்ற பாய்க்கப்பலில் ஆராய்ச்சியாளர்கள் வந்து இந்தத் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். நடுவில் 83 கலவரம் வந்தது, பிறகு போரால் எங்கள் ஆட்களே கடலுக்குப் போக முடியாத காலம் வந்தது. அவர்கள் கண்டதெல்லாம் ஆங்கிலத்தில் கட்டுரைகளாக இருக்கிறது. அதைக் கதையாகச் சொல்லும் ஒரு தமிழ்ப் புத்தகமும் என் கைக்கு வரவில்லை.

புறாத்தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலாவெளிக்காரர் புறாமலை என்பார்கள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. அங்கே பாறையில் கூடு கட்டுகிற புறா, எங்கள் கோபுரங்களில் இருக்கிற மாடப்புறாவின் காட்டுச் சொந்தம். சுற்றி இருக்கும் முருகைக்கல்லை (பவளப்பாறை) வெறும் கல் என்று நினைத்துத்தான் ஆட்கள் மேலே ஏறி நிற்கிறார்கள். பெயரிலேயே கல் இருந்தால் வேறென்ன நினைப்பார்கள்? அது உயிர், கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு பிராணி. அதன் உடம்புக்குள் இருக்கும் பாசிதான் அதற்குச் சாப்பாடும் நிறமும் கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும், முருகை வெளிறிப்போகும். படகுத்துறையில் விற்க இதைப் பற்றி 32 பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தால், படகில் ஏறும் முன்பே பாதிப் பேர் வாசித்துவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள், பெயர்கள் விஷயத்தில். தமிழ்நாட்டிலிருந்து வரும் மீன் புத்தகத்தில் வஞ்சிரம் என்று இருக்கும். இங்கே மீன் சந்தையில் வஞ்சிரம் கேட்டால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அது இங்கே அறக்குளா. அங்கே தவிட்டுக்குருவி, இங்கே புலுனி. அந்தப் புத்தகங்கள் வரட்டும், நல்லவை பல இருக்கின்றன. ஆனால் நம் ஆள் எழுதும்போது நம் பெயரை முதலில் போடட்டும், மற்றதைப் பக்கத்தில் போடட்டும். சிங்களப் பெயரையும் தமிழ் எழுத்தில் சேர்த்தால் சந்தைக்குப் போகிறவருக்கு உதவும். ஆலா என்கிற கடற்பறவைகள் கூட்டமாக விழுந்து எழும்புவதைத் தூரத்தில் பார்த்தே கீழே மீன் ஓடுகிறது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ரெக்கோர்டரோடு போய் அவர்கள் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும். சீக்கிரம் போக வேண்டும், அவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது.

செலவு என்பீர்கள். தாள் விலை எனக்கும் தெரியும். 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது, நான் அரைக்கடை பூட்டி இருந்தேன். ஆனால் கலர்ப் படம் கட்டாயமா? தமிழ்நாட்டு இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் இயற்கைப் பத்தி எழுதினார், கோட்டுப் படங்களும் தானே வரைந்தார். தமிழிலும் எழுதினார். அவர் எடுத்த காட்டுப் படங்கள் கறுப்பு வெள்ளை. கோட்டுப் படம் போட்டால் அச்சுச் செலவு குறையும், என் மெசினில் பிரதி எடுத்தாலும் முகம் அழியாது. நீங்கள் சிரிக்கலாம், எனக்கு அது பெரிய விஷயம்.

நூலகக்காரருக்கு ஒன்றே ஒன்று. இப்படி ஒரு புத்தகம் வந்தால் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். கிழியட்டும், இன்னொன்று வாங்கலாம்.

முதலில் மானைப் பற்றிப் போடுங்கள். அச்சானதும் ஐம்பது பிரதி எனக்கு அனுப்புங்கள், காசு முன்னுக்கே தருகிறேன், விலைக்கழிவு வேண்டாம். சுவரில் ஒட்டின தாள் மாரி ஈரத்தில் ஊறி விட்டுக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளை இப்போது தரம் எட்டு. போன கிழமை வந்து, மான் கொம்பு எத்தனை மாதத்தில் முழுசாக வளரும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
போட்டோக்கொப்பிக் கடைக்காரன்,
திருகோணமலை.