கோல்டன் ஸ்பைக்ஸ் யாருக்கு? – நண்பருக்கு ஒரு கடிதம்

ஏதென்ஸ், ஜார்ஜியா

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. இளையவளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியது அறிந்து நாங்கள் இருவரும் பெரிதும் மகிழ்ந்தோம். நேரில் வந்து நிற்க முடியாமற்போன குறையை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அனைவரும் நலம். குளிர்காலத்து மூட்டு வலி ஒன்றுதான் தொந்தரவு. ஊர்ச் செய்திகளுக்கெல்லாம் பிறகு பதில் எழுதுகிறேன். கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்விக்கே இந்தக் கடிதம் முழுவதையும் செலவிடப் போகிறேன். ஒரே கல்லூரி பேஸ்பால் அணியில் ஒரே ஆண்டில் இரண்டு பேருக்கு ‘நாட்டிலேயே சிறந்த வீரர்’ என்ற பட்டம் எப்படிக் கிடைக்கும் என்றும், அப்படிக் கிடைத்தால் அந்தப் பட்டத்துக்கு என்னதான் மதிப்பு என்றும் கேட்டிருந்தாய்.

நீ படித்தது 2023-ஆம் ஆண்டுச் செய்தி. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் அவ்வாண்டு டிலன் க்ரூஸ் என்ற அவுட்ஃபீல்டரும் (வெளிக்களத்தில் நிற்பவர்) பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்சரும் (பந்தெறிபவர்) இருந்தார்கள். க்ரூஸின் பேட்டிங் சராசரி .426. நூறு வாய்ப்பில் முப்பது ஹிட் அடிப்பவரையே நல்ல ஆட்டக்காரர் என்று கொண்டாடும் விளையாட்டில் அது எத்தகைய எண் என்பதை நீயே கணித்துக்கொள்ளலாம். ஸ்கீன்ஸோ அந்தப் பருவத்தில் 209 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து (மட்டையாளரைப் பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்கச் செய்வது), அதே பல்கலைக்கழகத்தின் பென் மெக்டொனால்டு 1989-ல் நிறுவியிருந்த 202 என்ற தென்கிழக்குக் கூட்டமைப்பின் (அவர்கள் ஆடும் கல்லூரி லீக்) சாதனையை முறியடித்தார். யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பு வழங்கும் கோல்டன் ஸ்பைக்ஸ் விருது க்ரூஸுக்குப் போனது. கல்லூரி பேஸ்பால் எழுத்தாளர்கள் வாக்களித்துத் தரும் டிக் ஹௌசர் கோப்பை ஸ்கீன்ஸுக்குப் போனது. தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அடுத்த மாதம் நடந்தபோது, முதலாவதாக ஸ்கீன்ஸையும் இரண்டாவதாக க்ரூஸையும் எடுத்துக்கொண்டன. ஒரே கல்லூரியின் இருவர் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது அதுவே முதல் தடவை.

எனக்கு ஒரு வாக்கு இருந்திருந்தால் க்ரூஸுக்கே போட்டிருப்பேன். வாரம் நான்கு ஆட்டங்கள் நடந்தால் நான்கிலும் அவர் களத்தில் நின்றார். ஸ்கீன்ஸ் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மட்டும் பந்தெறிந்தார். ஆனால், ஒமாஹா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடரில் வேக் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர் எவரும் என்னோடு சண்டைக்கு வருவார். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம் அது. எதிரணியின் ரெட் லௌடரும் சளைக்காமல் எறிய, ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காமல் எறிந்துவிட்டு வெளியேறினார். வழக்கமான ஒன்பதைத் தாண்டிய பதினொன்றாவது இன்னிங்ஸில், லூசியானாவின் டாமி வைட் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி அடித்த ஹோம் ரன்தான் 2–0 என்று கணக்கைத் தீர்த்தது. அந்த இரவை மனத்தில் வைத்துக்கொண்டு வாக்களித்த ஒருவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

விருதுக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் இப்படிப் பிரிந்து நிற்பது புதிதன்று. 1985-ல் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட் இன்கவிலியா 48 ஹோம் ரன் அடித்தார். ஒரு பருவத்தில் அத்தனை அடித்த கல்லூரி வீரர் அவருக்கு முன்னும் இல்லை, இன்றுவரை பின்னும் இல்லை. அவ்வாண்டின் கோல்டன் ஸ்பைக்ஸ் யாருக்கு என்றால், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில் கிளார்க்குக்கு! பேஸ்பால் அமெரிக்கா இதழ் மட்டும் இன்கவிலியாவை ஆண்டின் சிறந்த வீரராக அறிவித்தது. 1987-ல் கருத்து வேறுபாடு இன்னும் முற்றிப்போய், மூன்று விருதுகளும் மூன்று பேரிடம் சேர்ந்தன. தொடர்ந்து 58 ஆட்டங்களில் ஹிட் அடித்த ராபின் வென்ச்சுரா பேஸ்பால் அமெரிக்காவின் தேர்வு. மயாமி பல்கலைக்கழகத்தின் மைக் ஃபியோரே அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்ட ஹௌசர் கோப்பையின் முதல் உரிமையாளர். கோல்டன் ஸ்பைக்ஸ் மிச்சிகனின் ஜிம் ஆபட்டுக்கு.

ஆபட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் வலக்கை விரல்களும் உள்ளங்கையும் இல்லாமல் பிறந்தவர். பந்தை எறியும்போது கையுறையை வலக்கை முனையில் தொங்கவிட்டிருப்பார். எறிந்து முடித்த அதே நொடியில் இடக்கையை அதற்குள் நுழைத்துத் திரும்பி வரும் பந்தைப் பிடிக்கத் தயாராகிவிடுவார். பிடித்த பிறகு கையுறையை மார்போடு இடுக்கி, பந்தை உருவியெடுத்து, அதே இடக்கையால் முதல் பேஸுக்கு எறிவார். எதிரணிகள் வேண்டுமென்றே அவர் பக்கம் பன்ட் தட்டிப் பார்த்துத் (வீசியடிக்காமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) தோற்றுப்போயின. கோல்டன் ஸ்பைக்ஸ் கல்லூரிப் பருவத்தை மட்டும் அளப்பதன்று; அமெச்சூர் வீரர் ஒருவரின் ஆட்டத்தோடு களத்தில் அவர் நடந்துகொள்ளும் பண்பையும் சேர்த்தே பார்ப்பது. 1987 கோடையில் அமெரிக்க அணிக்காகக் கியூபாவுக்குச் சென்று கியூபாவை அதன் சொந்த மண்ணிலேயே ஆபட் வென்று வந்ததும் அந்தத் தராசில் ஏறியது. வென்ச்சுராவின் 58 ஆட்டங்களா, ஆபட்டின் அந்தக் கோடையா என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. வென்ச்சுரா அடுத்த ஆண்டு கோல்டன் ஸ்பைக்ஸையும் ஹௌசர் கோப்பையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த 1988-லும் பேஸ்பால் அமெரிக்கா வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. பிட்சராக 15 வெற்றி, தோல்வியே இல்லை, மட்டையெடுத்தால் சராசரி .464. அவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஓலெரூட். எறிவது, அடிப்பது இரண்டிலும் சிறந்தவருக்கு இப்போது தரப்படும் விருதுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். லூயிவில் பல்கலைக்கழகத்தின் பிரெண்டன் மெக்கே அதை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார்.

விருது பெற்றவர் பின்னாளில் என்ன ஆனார் என்று பார்த்து விருதை எடைபோடும் பழக்கம் இங்கேயும் உண்டு. எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. 1982-ல் கோல்டன் ஸ்பைக்ஸ் வாங்கிய நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்து ஆகி ஷ்மிட், டிராஃப்ட்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டும், தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. விஸ்கான்சினில் கார்தேஜ் என்ற சிறு கல்லூரியின் பயிற்சியாளராகப் பல பத்தாண்டுகள் நின்று நிலைத்தார். அதனால் 1982-ல் அவர் ஆடிய ஆட்டம் பொய்யாகிவிடுமா? 2021-ல் ஆர்கன்சாவின் கெவின் காப்ஸ் கோல்டன் ஸ்பைக்ஸ், ஹௌசர் இரண்டையும் வென்றார். முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீண்டு, கல்லூரியில் ஆறாவது ஆண்டாக ஆடிக்கொண்டிருந்த அவர், ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து முடித்துவைக்கும் பிட்சர். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி வெறும் 0.90. ஒமாஹாவுக்குப் போக ஒரே ஒரு வெற்றி வேண்டியிருந்த நாளில், அந்தப் பருவத்தில் முதன்முறையாக அவரைத் தொடக்கத்திலேயே எறிய வைத்தார்கள். எட்டு இன்னிங்ஸ் தாங்கினார். ஒன்பதாவதின் தொடக்கத்தில் வட கரோலைனா மாநில அணியின் ஹோசே டோரஸ் அடித்த ஹோம் ரன்னில் ஆர்கன்சா 3–2 என்று தோற்றது. டிராஃப்ட்டில் அவர் பெயர் மூன்றாவது சுற்றில்தான் வந்தது. இருபத்து நான்கு வயதானவரிடம் இனி வளர்வதற்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தொழில்முறை அணிகள் கணக்குப் போட்டன. அது அவர்கள் பிழைப்பு. பிப்ரவரி முதல் ஜூன் வரை நடந்தது என்ன என்பதை மட்டும் பார்ப்பது விருதுக் குழுவின் வேலை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தாம் ‘தப்பான ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்’ என்று பின்னாளில் புலம்புகிறார்கள். 2025-ல் கோல்டன் ஸ்பைக்ஸ் வாங்கிய ஆர்கன்சாவின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) வெஹிவா அலோயும் டிராஃப்ட்டில் 31-ஆவதாகவே போனார்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் ஜார்ஜியாவின் சார்லி காண்டன் 37 ஹோம் ரன்னும் .433 சராசரியுமாக இரண்டு விருதுகளையும் அள்ளிக்கொண்டார். ஆறரை அடி உயரம்; மட்டையை ஏந்தி அவர் நிற்கையில் ஃபோலி மைதானத்தில் வேர்க்கடலை உரிப்பவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள். உலோக மட்டையில் சரியாகப் பட்ட பந்துக்கு ஒரு தனி ஓசை உண்டு. அதைக் கேட்டதும் பந்தைப் பார்க்காமலேயே எழுந்து நிற்கப் பழகிக்கொண்டோம். கல்லூரி அவருக்கு முதலில் உதவித்தொகைகூடத் தரவில்லை, முதல் ஆண்டு களத்தில் இறக்கவுமில்லை என்பது கூடுதல் செய்தி.

இனி பயிற்சியாளர்கள். என்னைக் கேட்டால், இந்த விருதுகளில் மிகக் கடினமானது அவர்களுக்குரியதுதான். வீரருக்கு எண் இருக்கிறது. பயிற்சியாளருக்கு இருப்பதெல்லாம் அணியின் வெற்றி தோல்வி. அதில் அவர் பங்கு எவ்வளவு, வந்து சேர்ந்த பிள்ளைகளின் பங்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது? வீரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி எளிதாக மாறும் இக்காலத்தில் இது இன்னும் சிக்கலாகிவிட்டது. ஸ்கீன்ஸே விமானப்படை அகாதெமியிலிருந்து லூசியானாவுக்கு மாறி வந்தவர். அவரை அங்கே செதுக்கிய பிட்சிங் பயிற்சியாளர் வெஸ் ஜான்சன், அதே கோடையில் எங்கள் ஜார்ஜியாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்துவிட்டார்.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக் மார்ட்டின் 40 பருவங்களில் 2,029 ஆட்டங்களை வென்றார். கல்லூரி பேஸ்பாலில் அவர் ஓய்வுபெறும் வரை வேறு எவரும் எட்டாத எண் அது. பதினேழு முறை அணியை ஒமாஹாவுக்கு அழைத்துப்போயும் ஒருமுறைகூடப் பட்டம் கிடைக்கவில்லை. எழுத்தாளர் சங்கம் ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்குத் தரும் விருது இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பட்டம் வெல்லாதவர் பெயரில் விருதா என்று முணுமுணுப்பவர்களும் உண்டு; எனக்கோ அதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றவில்லை. இன்னொன்றையும் கவனி. டிக் ஹௌசர் அதே பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர், 1979-ல் ஒரே ஒரு பருவம் அங்கே பயிற்சியாளராகவும் இருந்தவர். யாங்கீஸ் அணி அழைத்ததும் அவர் நியூயார்க்குக்குப் புறப்பட, அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் மார்ட்டின். ஹௌசர் 1985-ல் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு மேஜர் லீக்கின் உலகத் தொடரை வென்று தந்தார். மறு ஆண்டே மூளையில் கட்டி இருப்பது தெரியவந்து, 1987 ஜூனில் காலமானார். அவ்வாண்டே நண்பர்கள் அவர் பெயரில் கோப்பையை ஏற்படுத்தினார்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டல்லஹாஸியில் இன்று மைதானத்துக்கு மார்ட்டின் பெயர், அதைச் சூழ்ந்த அரங்கத்துக்கு ஹௌசர் பெயர்.

நீ என் கட்சி எது என்று நிச்சயம் கேட்பாய். பெரிய பல்கலைக்கழகத்தில் பணமும் ஆளும் வைத்துக்கொண்டு வெல்பவரைவிட, இருக்கும் இடத்திலேயே இருந்து ஓர் அணியை வளர்த்தெடுப்பவருக்கே என் வாக்கு. கோஸ்டல் கரோலைனாவின் கேரி கில்மோர் தான் படித்து ஆடிய கல்லூரிக்கே 1996-ல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். இருபது ஆண்டுகள் கழித்து 2016-ல் அணி முதன்முறையாக ஒமாஹாவுக்குப் போனது, அந்த முதல் முறையிலேயே அரிசோனாவை வீழ்த்திப் பட்டத்தோடு திரும்பியது. அவ்வாண்டுப் பயிற்சியாளர் விருதுகள் அவரைத் தேடி வந்ததில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பிப்ரவரி நடுவில் அடுத்த பருவம் தொடங்குகிறது. ஜூன் கடைசிக்குள் பெயர்கள் தெரிந்துவிடும். கோல்டன் ஸ்பைக்ஸில் பொதுமக்கள் வாக்குக்கும் ஐந்து விழுக்காடு இடம் உண்டு என்பதால், இறுதிப் பட்டியல் வந்ததும் உனக்கு அனுப்புகிறேன். நீயும் உன் பங்குக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று நாலு வரி எழுது. க்ரூஸ் விஷயத்தில் நீ ஸ்கீன்ஸ் பக்கம்தான் நிற்பாய் என்று இப்போதே தெரிகிறது. கல்லூரி நாள் தொட்டே பந்து வீசுபவன் பக்கம்தானே நீ!

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
இராமலிங்கம்