சரசு அக்காவுக்கு, நீங்கள் மூடிவைத்த பக்கத்திலிருந்து

அன்புள்ள சரசு அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் கூட்டத்தில் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, "எந்தத் தாயும் இப்படிச் செய்ய மாட்டா. எழுதினவளுக்குத் தாய்னா என்னன்னே தெரியலை" என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் காபி வந்துவிட்டது, பேச்சும் வேறு பக்கம் போய்விட்டது. நீங்கள் சொன்னது மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. இந்த நாவலைப் படித்த வேறு சிலரும் ஏறக்குறைய இதே வார்த்தைகளை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. கில்லியன் ஃப்ளின்னின் முதல் நாவல் 'ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்', 2006-இல் வந்தது. சிகாகோவில் நிருபராக இருக்கும் கமீல், மிசௌரி மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் விண்ட் கேப் என்ற கற்பனை ஊருக்குச் செய்தி சேகரிக்கப் போகிறாள். அது அவள் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே ஒரு சிறுமி கொலையாகியிருக்கிறாள், இன்னொருத்தியைக் காணவில்லை. கமீல் தங்குவது தன் அம்மா அடோராவின் வீட்டில். தங்கை மேரியன் வெகுகாலம் முன்பு நோயில் இறந்துபோன வீடு அது. இப்போது அங்கே 13 வயதில் இன்னொரு தங்கை இருக்கிறாள். சிறுமிகளைக் கொன்றது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அடோராவைப் பற்றி மறைக்காமல் எழுதப் போகிறேன். புத்தகத்தைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அக்கா, நீங்கள் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் உள்ளேயே இருந்தது. திறந்து பார்த்தேன். அடோரா மருந்தோடு வருகிறாள், கமீல் அதை வாங்கிக் குடிக்கிறாள். அது வெறும் மருந்தில்லை என்று அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. மேரியன் நோயில் சாகவில்லை, அவளை நோயாளியாக்கி வைத்திருந்ததே அம்மாதான் என்பதும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் குடிக்கிறாள். நீங்கள் மூடிவைத்தது இந்த இடத்தில்தான்.

எனக்கும் அந்த இடத்தில் கை நடுங்கியது. அவள் சாட்சி தேடித்தான் குடிக்கிறாள் என்று முதல் வாசிப்பில் நினைத்தேன். தன் உடம்பில் விஷம் இருந்தால்தானே நிரூபிக்க முடியும். இரண்டாவது முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கழுவித் துடைத்து, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவள் வாழ்க்கையிலேயே அப்போதுதான். சின்ன வயதில் கமீல் மருந்து வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மேரியன் கொடுத்ததையெல்லாம் குடித்தாள். அம்மாவின் பாசம் குடித்தவளுக்குப் போயிற்று. காய்ச்சல் வந்த நாட்களில் என் அம்மா வேலைகளையெல்லாம் போட்டுவிட்டு, நெற்றியில் கை வைத்தபடி என் பக்கத்திலேயே இருப்பாள். மிளகு ரசம் கரைத்த சோறு, கம்பளிப் போர்வை, அந்தக் கை. இன்னும் ஒரு நாள் காய்ச்சல் இருக்கட்டுமே என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு. நீங்களும் வேண்டியிருப்பீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும் அந்தச் சின்ன ஆசையைத்தான் இந்த நாவல் கையில் எடுக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அடோராவின் வீட்டில் மருந்துக்கு மூன்றாம் நாள் வருவதே இல்லை.

கூட்டத்தில் சொல்ல விட்டுப்போன ஒன்று. அந்த 13 வயதுத் தங்கையின் பெயரைக் கவனித்தீர்களா? 'அம்மா'. ஆங்கில வாசகருக்கு அது வெறும் ஒரு பெயர். நமக்கு அப்படி இல்லை. 'அம்மா சிரித்தாள்', 'அம்மா கதவைச் சாத்தினாள்' என்று வரும்போதெல்லாம், இது எந்த அம்மா என்று ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நான் மேலே போனேன். வீட்டில் பாவாடை கட்டிய நல்ல பிள்ளையாகப் பொம்மை வீட்டோடு விளையாடுகிறவள், தெருவில் ஊரையே ஆட்டிவைக்கிறவள், அம்மா கொடுப்பதை மறுக்காமல் குடிக்கிறவள், எல்லாம் இந்தச் சிறுமிதான். யார் தாய், யார் பிள்ளை, யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற குழப்பம்தான் அந்த வீட்டின் நோய். ஃப்ளின் அறியாமலே அது தமிழ் வாசகர் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதைப் பற்றி உங்களோடு ஒரு மணி நேரம் பேச ஆசை.

சரி, நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். எந்தத் தாயும் செய்ய மாட்டாள்.

1977-இல் ராய் மெடோ என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 'லான்செட்' இதழில் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஒரு சிறுமிக்குச் சிறுநீரில் என்ன கோளாறு என்று மருத்துவர்கள் பரிசோதனை மேல் பரிசோதனை செய்தார்கள். கோளாறு சிறுநீர் மாதிரியில்தான் இருந்தது, அதில் கலந்தது தாய். இன்னொரு குழந்தைக்கு ரத்தத்தில் உப்பு திரும்பத் திரும்ப ஏறியது. உப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது தாய். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. நோய் இல்லாமலே நோயாளியாக நடிப்பவர்களுக்கு 1951-இல் ரிச்சர்ட் ஆஷர் வைத்த முன்சௌசென் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. பிள்ளையை அப்படி நோயாளி ஆக்குவதற்கும் மெடோ அதையே நீட்டினார். ஆக, அடோரா எழுத்தாளரின் கற்பனையில் மட்டும் முளைத்தவள் இல்லை.

நாவல் நடக்கும் அதே மிசௌரியில், ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகரில், ஜிப்ஸி ரோஸ் பிளாஞ்சார்ட் என்ற பெண் சக்கர நாற்காலியில் வாழ்ந்தாள். ரத்தப் புற்றுநோய், தசைச் சிதைவு என்று தாய் டீ டீ ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஊரும் உருகி உருகி உதவியது. அவளால் நடக்க முடியும். 2007-இல், அதாவது நாவல் வந்த மறு வருடம், குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒருவர் சந்தேகப்பட்டு அதைக் குறிப்பாகவே எழுதி வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. 2015-இல் அந்தத் தாய் கொலையானார். மகளும் அவள் காதலனும் கைதானபோதுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. ஜிப்ஸிக்குப் பத்தாண்டு தண்டனை, 2023 டிசம்பரில் வெளியே வந்தாள். எட்டு வருடம் ஒரு மருத்துவரின் சந்தேகம் காகிதத்திலேயே கிடந்தது, அக்கா. எந்தத் தாயும் செய்ய மாட்டாள் என்று எத்தனை பேர் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

நாவலிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கிறது. மேரியனின் மருத்துவக் கோப்பில், இந்தப் பெண்ணுக்கு நோய் இல்லை, தாயைக் கவனியுங்கள் என்று ஒரு செவிலியர் எழுதியிருப்பார். யாரும் கவனிக்கவில்லை. அடோராவின் குடும்பத்துக்குச் சொந்தமான பன்றி இறைச்சித் தொழில்தான் விண்ட் கேப்புக்குச் சோறு போடுகிறது. சம்பளம் கொடுக்கும் வீட்டுக்குள் யார் எட்டிப் பார்ப்பார்கள்? அதோடு அவள் மகளைப் பறிகொடுத்த தாய் வேறு. அந்தத் துக்கத்தை ஊர் கோயிலாக்கிவிட்டது. பெத்த மனம் பித்து என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் தங்கள் பாஷையில் சொன்னார்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. இதே மெடோ பிற்காலத்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். சாலியின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்திருந்தன, கொன்றது சாலிதான் என்பது வழக்கு. வசதியான வீட்டில் இரண்டும் இயற்கையாகச் சாவதற்கு 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றார் மெடோ. அந்தக் கணக்கே தப்பு என்று புள்ளியியலாளர்கள் பிறகு எடுத்துச் சொன்னார்கள். 1999-இல் ஆயுள் தண்டனை பெற்ற சாலி, 2003-இல் விடுதலையானார். 2007-இல் இறந்தும் போனார். தாயைச் சந்தேகிப்பது லேசான காரியமில்லை, ஒரு குற்றமும் செய்யாத ஒருத்தியை அது அழித்திருக்கிறது. உங்கள் கோபத்தில் இந்தப் பயம் இருந்தால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னது, 'ஆதாரம் இல்லாமல் தாயைச் சந்தேகிக்காதே' என்பது இல்லை. 'இது நடக்கவே நடக்காது' என்றீர்கள். இரண்டும் வேறு வேறு, அக்கா.

பெண்களையே கேவலமாகக் காட்டுகிறாள் என்று நம் கூட்டத்தில் இன்னொருவரும் சொன்னார். நான் அப்படிப் படிக்கவில்லை. அடோராவை அவளுடைய தாய் எப்படி வளர்த்தாள் என்பதும் கதைக்குள் இருக்கிறது. பாட்டியிலிருந்து பேத்தி வரை அந்தக் கசப்பு கைமாறி வருகிறது. அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்கும் கோபத்தைப் பற்றி எத்தனையோ நாவல்கள் உண்டு. பெண்கள் வழியாக இறங்குவதை எழுதினால் மட்டும் எழுதினவள் மேல் பாய்கிறோம். கமீல் தன் உடம்பில் தானே சொற்களைக் கீறிக்கொள்ளும் பகுதிகளைப் படிக்க முடியவில்லை என்று சிலர் சொன்னார்கள். அவர்களிடம் எனக்கு வாதமே இல்லை. முடியாதவர்கள் படிக்க வேண்டாம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது.

அன்று ஜன்னல் ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நம் கூட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் இருக்கும், வாய் திறந்து நான் கேட்டதில்லை. நீங்கள் "எந்தத் தாயும்" என்றபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் கிளம்பிய பிறகு என்னிடம் வந்து, "இந்தப் புத்தகத்தை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். புதன்கிழமை திருப்பிக் கொடுத்தாள். பிடித்ததா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே கேட்டாள், "அந்த நர்ஸ் எழுதி வச்சாங்க, இல்லையா?" ஆமாம் என்றேன். "ஒருத்தராவது எழுதினாங்க" என்றாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். அவளாகச் சொன்னால் தவிர நான் கேட்கப் போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் அவள் இனியும் நம் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று நான் ரொம்பவும் ஆசைப்படுகிறேன். என்றைக்காவது எதையாவது சொல்ல நினைத்தால், "நடக்கவே நடக்காது" என்ற குரல் அவள் காதில் முதலில் விழக்கூடாது. அதுவும் உங்கள் குரலாக இருக்கக்கூடாது. அந்த அறையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது உங்களைத்தான் அக்கா. நானும் அப்படித்தான்.

முடிந்தால் மிச்சத்தைப் படியுங்கள், 60 பக்கம்கூட இருக்காது. முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். புத்தகத்தை எடுத்து வருகிறேன். முழுக்கப் படித்து முடித்தும், உங்கள் பஸ் டிக்கெட்டை அவள் அதே பக்கத்தில் அப்படியே விட்டிருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் தம்பி