படிப்பு முடியப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இன்று செவ்வாய்க்கிழமை, சலூன் லீவு. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து காசிமேட்டுப் பக்கம் காசு புழங்கவில்லை, மற்ற நாளிலும் கூட்டம் குறைவுதான். போனில் சொன்னால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுகிறாய். நிதானமாகப் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

நீ முடி வெட்டுவதை எடுத்து அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் பார்த்தோம். கத்தரிக்கோலில் உன் கட்டை விரல் மட்டும்தான் அசைந்தது, மணிக்கட்டு ஆடவில்லை. முடியை 90 டிகிரிக்குத் தூக்கி லேயர் வெட்டினாய். அப்புறம் இரண்டு பக்கத்து முடியையும் முன்னால் இழுத்து நீளம் சரிபார்த்தாய். மனசு நிறைந்துவிட்டது. உனக்குக் கை வந்துவிட்டது பாப்பா.

ஆனால் வேலைக்குச் சேர்ந்ததும் யார் எதைக் கேட்டாலும் செய்துவிடத் தோன்றும். முதலாளி பில்லைப் பார்ப்பார், கஸ்டமர் சாயங்காலம் ரிசப்ஷன் என்பார். அப்போது “இன்னைக்கு வேண்டாம் மேடம்” என்று சொல்ல உனக்கு வாய் வர வேண்டும். அதுவும் வந்தால்தான் தொழில் வந்ததாக நான் ஒத்துக்கொள்வேன்.

உதாரணத்துக்குக் கருப்பு டையையே எடுத்துக்கொள். பெரும்பாலான டைகளில் பிபிடி என்கிற ரசாயனம் இருக்கிறது. பல வருஷமாகப் போடுகிறவருக்கும் திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும். நம் தெரு அக்கா ஒருத்தி தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கேயோ டை போட்டு வந்தாள். விடிந்தால் முகம் வீங்கி, இமையைத் திறக்க முடியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். போட்டுவிட்ட பெண்ணுக்கும் பேட்ச் டெஸ்ட் தெரியாமல் இருந்திருக்காது. அவசரம் என்றதும் விட்டுவிட்டாள்.

ப்ளீச்சும் அப்படித்தான். ப்ளீச்சோடு கலக்கும் டெவலப்பர் 20 வால்யூம் என்றால் அதில் பெராக்ஸைடு 6 சதவீதம், 40 வால்யூமில் 12. சீக்கிரம் வெளுக்கட்டும் என்று 40-ஐ எடுக்கச் சொல்வார்கள். வெந்த முடி தேறாது. முடி மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். தோள் வரை வருவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிடும்.

ஆரம்பத்தில் தலை அலசத்தான் விடுவார்கள். டிப்ளமோ வாங்கிவிட்டு இதுவா என்று முகம் சுளிக்காதே. டம்மித் தலையில் இல்லாதது எல்லாம் அங்கேதான் விரலுக்குத் தட்டுப்படும். பழைய தழும்பு, புண், படை, இரட்டைச் சுழி. சுழி இருக்கும் இடத்தில் ஒட்ட வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும், எந்த ஜெல்லுக்கும் படியாது. புண்ணோ படையோ கண்டால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல், கூச்சப்படாதே. அலசும்போது கிளவுஸ் போடு. நாள் முழுக்க ஷாம்பூவில் ஊறினால் விரல் இடுக்கு வெடித்து, சீப்பைக்கூடப் பிடிக்க முடியாது. முடியை நேராக்கும் ஸ்மூத்னிங் செய்யும் அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார். சில மருந்துகளில் அயர்ன் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு என்கிற நச்சு வாயு கிளம்பும். கஸ்டமர் ஒருநாள் மூச்சிழுத்துவிட்டுப் போய்விடுவார், தினமும் அதில் நிற்கப்போவது நீ. உடம்புக்கு ஆகாதது என்றால் அங்கேயும் வாயைத் திற.

பைனல் பிராக்டிக்கலில் கலருக்கு மாடல் கிடைக்கவில்லை என்றாயே, அம்மா வருகிறாளாம். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். ஆனால் அவள் கருப்பு மருதாணி என்று ஒரு பாக்கெட்டைத் தவறாமல் போடுகிறாள். அப்படி விற்பதில் பலவற்றில் பிபிடியைக் கலந்திருப்பார்கள். அது ஏறிய முடியில் உன் கலர் எப்படிப் பிடிக்கும் என்று முதலில் ஒரு கொத்து முடியில் போட்டுப் பார். தேர்வுக்கு மூன்று நாள் முன்பே சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிடுகிறேன். பெங்களூரில் இறங்கிய அன்றே பேட்ச் டெஸ்ட் போட்டுவிடு. அரித்தாலோ சிவந்தாலோ கலர் வேண்டாம், கட்டிங்குக்கு மட்டும் உட்காரவை. அவள் “பரவாயில்லடி, போடு” என்பாள், கேட்காதே. கலருக்கு இன்னொரு மாடலையும் இப்போதே சொல்லி வை.

தேர்வுத் தேதி தெரிந்ததும் போன் பண்ணு, டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
தண்டையார்பேட்டை