1983 என்று அச்சிட்டு 1992-ஐ விற்றது குறித்துப் புகார்

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

பொருள்: தொடக்ககால கோதிக் ராக் (இருண்ட மனநிலை கொண்ட ராக் இசை) பதிவுகளின் மூன்று சிடி தொகுப்பு – விளம்பரத்தில் சொன்ன பதிவுகள் உள்ளே இல்லாதது – முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் தளத்தில் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கிய மூன்று சிடி தொகுப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி உங்கள் வாடிக்கையாளர் சேவையிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். சிடி ஓடுகிறதா என்று கேட்டார்கள். ஓடுகிறது என்றேன். அப்படியானால் பொருளில் குறை இல்லை, தவிர சீலையும் பிரித்துவிட்டீர்கள் என்று சொல்லிப் புகாரை முடித்துவைத்துவிட்டார்கள். சிடி ஓடவில்லை என்று நான் சொல்லவே இல்லையே! அதில் ஓடுவது நீங்கள் விற்பதாகச் சொன்ன பதிவு இல்லை என்பதுதான் புகார். சீல் பிரிக்காமல் அதைக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குத் தெரியாது.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருந்த தமிழ் விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்திருக்கிறேன். 1979 முதல் 1983 வரை சிறு லேபிள்களில் (தட்டு வெளியிடும் நிறுவனங்களில்) வெளிவந்த பாடல்கள், முதலில் பதிவானபடியே, சுருக்கப்படாமல் என்று அதில் இருக்கிறது. தொகுத்தது வெளிநாட்டு நிறுவனம், நாங்கள் வரவழைத்து விற்றோம், அவ்வளவுதான் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பெட்டியின் அட்டையில் பாடல்களும் ஆண்டுகளும் மட்டுமே உள்ளன. 'முதலில் பதிவானபடியே' என்பதும் 'சுருக்கப்படாமல்' என்பதும் உங்கள் ஆட்கள் எழுதிச் சேர்த்தவை. அந்த இரண்டையும் நம்பித்தான் வாங்கினேன்.

முதல் சிடியின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஹவுஸ் குழுவின் 'பேலா லுகோசிஸ் டெட்', டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியைப் பற்றிய பாட்டு. இங்கிலாந்தின் நார்தாம்டனைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், குழு சேர்ந்து சில வாரங்களே ஆன நிலையில், 1979 ஜனவரி 26 அன்று வெலிங்பரோவில் உள்ள பெக் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும். அந்த நீளத்துக்கு வழக்கமான 7 அங்குலத் தட்டு போதாது என்பதால், அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்மால் வொண்டர் லேபிள் அதை 12 அங்குலத் தட்டாக வெளியிட்டது. லேபிள் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். லண்டனின் வால்தம்ஸ்டோவில் இருந்த ஒரு ரெக்கார்டு கடையிலிருந்து நடந்த லேபிள் அது. கோதிக் ராக் எங்கே தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலான ரசிகர்கள் இந்தத் தட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அந்தப் பாட்டில் நீளம்தான் விஷயமே. டிரம்மின் விளிம்பைத் தட்டும் ஒலி முதலில் வரும், அதைத் துரத்திக்கொண்டு அதன் எக்கோ வரும். அப்புறம் படிப்படியாக இறங்கும் பேஸ் கித்தார். டேனியல் ஆஷின் கித்தார் மெட்டு எதையும் வாசிக்காமல் கீறிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருக்கும். பீட்டர் மர்ஃபியின் குரலுக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜமைக்காவின் டப் இசையிலிருந்து எடுத்துக்கொண்ட உத்தி இது: இருக்கிற ஒலியைக் குறைத்து, அது விட்டுச்செல்லும் எதிரொலியைப் பெரிதாக்குவது. பேய்ப்படம், வௌவால், கறுப்பு உடை எல்லாம் அதற்கு மேல் வந்து உட்கார்ந்தவை. உங்கள் சிடியில் இந்தப் பாட்டின் நீளம் மூன்றரை நிமிடம். முன்பகுதியை முழுவதும் வெட்டிவிட்டு நேராகக் குரலில் தொடங்குகிறார்கள். பின்பகுதியில், வாத்தியங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கும் நேரத்தில், ஒலியைக் குறைத்துப் பாட்டை அணைத்துவிடுகிறார்கள். அதற்கு எதிரே அட்டையில் 1979 என்று அச்சாகியிருக்கிறது. 1979-ல் இப்படி ஒரு பாட்டு வெளியாகவே இல்லை.

மூலநாடா கிடைக்கவில்லை என்ற சமாதானமும் இங்கே எடுபடாது. அந்த ஜனவரி நாளில் பதிவான ஐந்து பாடல்களையும் சேர்த்து 2018-ல் தனித் தட்டாகவே வெளியிட்டுவிட்டார்கள். முழு நீளப் பதிவு உலகம் முழுக்கக் கிடைக்கிறது.

அடுத்தது இன்னும் மோசம். இரண்டாவது சிடியில் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவின் 'டெம்பிள் ஆஃப் லவ்', 1983 என்று போட்டிருக்கிறது. லீட்ஸ் நகரத்துக் குழு. 1980-ல் தங்கள் முதல் தட்டை மெர்சிஃபுல் ரிலீஸ் என்ற சொந்த லேபிளில் ஆயிரம் பிரதி மட்டும் அடித்து ஆரம்பித்தவர்கள். டிரம் வாசிக்க ஆள் வைக்காமல் ஒரு டிரம் மெஷினை வைத்துக்கொண்டு, அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயரும் சூட்டி, குழுவில் ஒருவராகவே நடத்தினார்கள். 1983 பதிவில் அந்த மெஷினின் வறட்டுத் தாளமும், அதன் மேல் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சின் அடித்தொண்டைக் குரலும், கேரி மார்க்ஸின் கித்தாரும் கேட்கும். வேறு ஆடம்பரம் எதுவும் கிடையாது.

உங்கள் சிடியைப் போட்டால் ஒரு பெண் குரல் வருகிறது. ஓஃப்ரா ஹாசாவின் குரல். ஏமன் யூதக் குடும்பத்தில் பிறந்த இஸ்ரேலியப் பாடகி; அருமையான குரல், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் பாடியது 1992-ல் எல்ட்ரிச் மீண்டும் பதிவு செய்தபோது. 1983-ல் குழுவில் இருந்த மற்றவர்கள் யாரும் அப்போது குழுவில் இல்லை. அந்த மறுபதிவு பிரிட்டனின் வெற்றிப் பட்டியலில் 3-ஆம் இடம்வரை போனது. 3-ஆம் இடத்துக்குப் போன பாட்டைச் சிறு லேபிள் பாட்டு என்று சொல்லி விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இதில் வேடிக்கை, அதே 1992-ல்தான் இந்தக் குழுவின் 1980–83 காலத் தட்டுகளையெல்லாம் சேர்த்து 'சம் கேர்ள்ஸ் வாண்டர் பை மிஸ்டேக்' என்ற தொகுப்பும் வெளிவந்தது. உண்மையான 1983 பதிவு அதில் இருக்கிறது. தேடி அலைய வேண்டிய பொருளே இல்லை.

(எல்ட்ரிச் தன் குழுவை கோதிக் என்று அழைப்பதையே விரும்பாதவர். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அவரைத் தொகுப்பில் சேர்த்தது சரிதான்.)

பழைய கேசட் காலத்தில் மேலே டி.எம்.எஸ். படம் போட்டு உள்ளே வேறு யாரோ பாடிய பாட்டை விற்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான் இது. அந்தக் கேசட்டுக்காவது பஸ் ஸ்டாண்டு விலைதான் கொடுத்தோம்.

ஹாம்பர்க்கின் எக்ஸ்மல் டாய்ச்லாண்ட் பாட்டிலும் இதே கோளாறு. 'இன்குபஸ் சக்குபஸ்' முதலில் 1982-ல் ஜிக்ஜாக் என்ற ஜெர்மன் லேபிளில் வந்தது. அடுத்த ஆண்டு லண்டனின் 4ஏடி லேபிளுக்காக மீண்டும் பதிவு செய்து, இரண்டு என்ற எண்ணையும் பெயரோடு சேர்த்தே வெளியிட்டார்கள். பெட்டியில் இருப்பது இரண்டாவது, அட்டையில் இருப்பது முதலாவதின் ஆண்டு. குழு ஒழுங்காகப் போட்டுக்கொடுத்த எண்ணைத் தொகுத்தவர்கள் அழித்திருக்கிறார்கள்.

கிறிஸ்டியன் டெத் விஷயத்தைத் தவறுதல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் குழு அது. 1982-ல் வந்த 'ஒன்லி தியேட்டர் ஆஃப் பெயின்' அமெரிக்க கோதிக் ராக்கின் அடித்தளம் என்று சொல்வார்கள். பாடிய ராஸ் வில்லியம்ஸுக்கு அப்போது 18 வயது. கித்தார் வாசித்த ரிக் ஆக்னியூ பங்க் குழுவிலிருந்து வந்தவர். 1985-ல் ராஸ் விலகினார்; அதற்கு முன்பே குழுவில் சேர்ந்திருந்த வாலர் காண்ட் அதே பெயரில் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். பின்னாளில் ராஸும் அந்தப் பெயரைப் பயன்படுத்த, பெயர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை நீண்டது. 1998-ல் ராஸ் இறந்தார். இன்றுவரை ரசிகர்கள் இரண்டு கட்சி. இவ்வளவும் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்க, புக்லெட்டில் ராஸின் படத்தையும் 1982 என்ற ஆண்டையும் போட்டுவிட்டு, சிடியில் வாலர் பாடும் பிற்காலப் பாட்டை வைத்திருக்கிறார்கள். ராஸ் விலகிய பிறகு பதிவானது அது. இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே அடியில் கோபப்படுத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. சில பாடல்களில் ஊசி உரசும் சத்தம் கேட்கிறது, அதாவது நாடாவிலிருந்து எடுக்காமல் பழைய தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கில் மட்டும் அடித்த தட்டுகளுக்கு நாடா தொலைந்திருக்கலாம். அந்தச் சத்தத்தை மறைக்க எல்லாப் பாட்டையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றியதுதான் கொடுமை. மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே அளவில் காதில் மோதுகின்றன. எக்கோவை நம்பி வாழும் இசையில் எக்கோ தேய்ந்து மறைவதற்கு இடமே விடவில்லை.

புக்லெட்டில் பாஹவுஸை ஜெர்மன் குழு என்று எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியின் வடிவமைப்புப் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டவர்கள், அவ்வளவுதான். இந்த இசை முழுவதும் லண்டனின் பேட்கேவ் கிளப்பில் பிறந்தது என்றும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். சோஹோவின் டீன் தெருவில் பேட்கேவ் திறந்தது 1982 ஜூலையில். அதற்குள் பாஹவுஸ் மூன்று ஆண்டு பழைய குழு. லூட்டனின் யூகே டிகே, லீட்ஸின் சிஸ்டர்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு வந்த பர்த்டே பார்ட்டி எல்லாரும் ஏற்கெனவே தட்டு போட்டுவிட்டார்கள். ஸ்பெசிமன், ஏலியன் செக்ஸ் ஃபீண்ட் போன்ற குழுக்களை வளர்த்த பெருமை அந்த கிளப்புக்கு உண்டு. மொத்தத்தையும் அதன் கணக்கில் எழுதினால், வடக்கு இங்கிலாந்தின் மழை ஊர்களில் நடந்த பாதி வரலாறு காணாமல் போகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவது சிடியில் பெரும்பாலும் சரியான பதிவுகளே உள்ளன. யூகே டிகேயின் பாட்டு முழுமையாக இருக்கிறது. பர்த்டே பார்ட்டியின் 1981 'ரிலீஸ் தி பேட்ஸ்' அதே வெறியோடு இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒன்று சரியாக இருக்கிறது என்பதற்காக முழு விலையை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

இப்படிப்பட்ட தொகுப்பை வாங்குபவர் பாட்டுக்காக மட்டும் வாங்குவதில்லை. பாட்டு என்றால் இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். அந்த ஆண்டில், அந்த ஸ்டூடியோவில், அந்த ஆட்கள் வாசித்த அந்தப் பதிவுதான் வேண்டும் என்று காசு கொடுக்கிறார். அது உள்ளே இல்லையென்றால் பெட்டி காலி என்றுதான் அர்த்தம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. சீல் பிரித்ததா இல்லையா என்ற உங்கள் கம்பெனிக் கொள்கை அந்த விதிக்கு மேலானது இல்லை. அதே விதிகள், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்றும் சொல்கின்றன. இந்தக் கடிதத்தை அப்படிப்பட்ட புகாராகப் பதிவு செய்து எண் தாருங்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். கொரியர் செலவை நீங்களே ஏற்று பெட்டியை எடுத்துக்கொண்டு, 3,200 ரூபாயை நான் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். உங்கள் வாலட்டில் பாயிண்டாகப் போட வேண்டாம், தள்ளுபடிக் கூப்பனும் வேண்டாம். அதோடு விற்பனைப் பக்கத்திலிருந்து 'முதலில் பதிவானபடியே', 'சுருக்கப்படாமல்' என்ற சொற்களை எடுத்துவிட்டு, எந்தெந்தப் பாட்டு சுருக்கம், எது மறுபதிவு என்று போடுங்கள். பாடல்வாரியாக நான் தயாரித்த அட்டவணையை இணைத்திருக்கிறேன், தாராளமாக எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஸ்டாக்கில் இன்னும் பெட்டிகள் இருப்பதாக உங்கள் பக்கம் காட்டுகிறது.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, என் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். ஐந்து லட்சம் ரூபாய்வரையிலான மனுவுக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் இரண்டு 'டெம்பிள் ஆஃப் லவ்'வையும் ஆணையத்தின் முன் அடுத்தடுத்துப் போட்டுக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை தங்கள் பதிவில் உள்ளன)

இணைப்பு: விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பாடல்வாரி அட்டவணை