வாசலை மூட முடியாத பள்ளிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் கிறிஸ்தவ அறக்கட்டளை ஒன்று நடத்தும் பள்ளியையும் பக்கத்து அரசுப் பள்ளியையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒன்றில் வகுப்புக்கு முப்பது சொச்சம் பிள்ளைகள், ஆளுக்கொரு புத்தகம், நல்ல தேர்ச்சி. மற்றதில் நூற்றுக்கு மேல், பலருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. இந்த நிலவரம் உண்மைதான். ஆனால் கிறிஸ்தவச் சபை நடத்தினால் ஒழுங்கு, அரசு நடத்தினால் சீர்கேடு என்று கட்டுரையாளர் சொல்லும் காரணத்தை ஏற்க முடியவில்லை.

மலாவியில் 'அரசுப் பள்ளி' என்று நாம் சொல்லும் தொடக்கப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை சபைகளுடையவை. கத்தோலிக்கத் திருச்சபை, மத்திய ஆப்பிரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை, ஆங்கிலிக்கன் சபை ஆகியவை தொடங்கியவை. நிலம் சபையுடையது, ஆசிரியர் நியமனமும் சம்பளமும் அரசுடையது. நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். உகாண்டாவிலும் லெசோத்தோவிலும் இதே ஏற்பாடுதான். ஆக, மரத்தடியில் வகுப்பு நடக்கும் அந்த நெரிசலான பள்ளியும் பெரும்பாலும் ஒரு மிஷன் பள்ளியே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, அறக்கட்டளைப் பள்ளி இடமில்லை என்று தன் வாசலை மூடலாம், மற்றது மூடக் கூடாது என்பதுதான்.

மலாவியில் 1994 மே தேர்தலில் ஆட்சிக்கு வந்த பக்கிலி முலுஸி அரசு, அந்தக் கல்வியாண்டிலேயே தொடக்கப் பள்ளியின் எட்டு வகுப்புக்கும் ஒரே அடியாகக் கட்டணத்தை நீக்கியது. சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை நெருங்கியது. ஏறத்தாழ 20,000 பேரைச் சில வாரப் பயிற்சியோடு ஆசிரியர்களாக வகுப்புக்கு அனுப்பினார்கள். உகாண்டா 1997-லும் கென்யா 2003-லும் இதே பாதையில் போய் இதே நெரிசலில் மாட்டின. லெசோத்தோ மட்டும் 2000-ல் முதல் வகுப்புக்குக் கட்டணத்தை நீக்கி, பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறியது. ஆசிரியரும் அறையும் தேட அதற்கு அவகாசம் கிடைத்தது. அதற்காக 1994 முடிவைத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. அதுவரை வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

நெரிசல் என்றால் என்ன என்பதைக் கணக்காகப் பார்க்க வேண்டும். 35 நிமிடப் பாடவேளையில் 120 பேர் இருந்தால் ஆளுக்குப் பதினேழரை வினாடி. நோட்டைத் திருத்த அரை நிமிடம் வீதம் எடுத்தாலும் ஒரு பாடத்துக்கே ஒரு மணி நேரம் வேண்டும். அதனால் திருத்துவது நின்றுபோய், ஆசிரியர் சொல்ல எல்லோரும் கோரஸாகத் திருப்பிச் சொல்வது மட்டும் மிஞ்சுகிறது. கோரஸில் யாருக்கு வாசிக்க வரவில்லை என்பது தெரியாது. மரத்தடி வகுப்பில் கரும்பலகையை அடிமரத்தில் சாய்த்து வைத்திருப்பார்கள். வெயில் நகர நகர வகுப்பும் நிழலோடு நகரும். கடைசி வரிசைக்குப் பலகை எழுத்து கண்ணில் படாது. நோட்டு இல்லாத பிள்ளை மணலில் விரலால் எழுதும். நவம்பரில் மழை தொடங்கிவிட்டால், மழை பெய்யும் நாளில் வகுப்பே கிடையாது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மக்காச்சோளம் அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்கள். அப்போது பசியாலும் வருகை குறையும்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. ஒரே பள்ளிக்குள்ளேயும் நெரிசல் சமமாக இருப்பதில்லை. எட்டாம் வகுப்பு முடிவில் வரும் பொதுத்தேர்வுதான் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. தலைமையாசிரியரின் நற்பெயரும் அதில்தான் இருக்கிறது. அதனால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஏழுக்கும் எட்டுக்கும் போய்விடுகிறார்கள். முதல் வகுப்பில் புதியவர் ஒருவர் நூற்றைம்பது பிள்ளைகளோடு நிற்பார். அங்கே எழுத்து பிடிபடாத பிள்ளை அதே வகுப்பில் மறுபடி உட்காரும். அடுத்த ஆண்டுப் புதுப் பிள்ளைகளும் வந்து சேர, வகுப்பு இன்னும் வீங்கும். நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

அறக்கட்டளைப் பள்ளிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆசிரியர் தினமும் வருகிறார், நோட்டு திருத்தப்படுகிறது, மதியம் சாப்பாடு உண்டு. ஆனால் நுழைவுத் தேர்வு வைத்து, முப்பத்தைந்தோடு நிறுத்திக்கொண்டு, பின்தங்கிய பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடிகிற பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைப் பக்கத்துப் பள்ளியின் விகிதத்தோடு வைத்துப் பார்ப்பது நியாயமே இல்லை. கூடுதல் சம்பளம் கொடுத்து அந்தப் பக்கத்துப் பள்ளியின் நல்ல ஆசிரியரையே இழுத்துக்கொண்டால், ஒரு பள்ளியின் வளர்ச்சி இன்னொன்றின் தேய்வாகிறது. ஒரு பிள்ளைக்காக மாதச் சந்தா கட்டும் வெளிநாட்டு நன்கொடையாளர் நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பும் ஆட்டம் காணும்.

சபைகளும் அறக்கட்டளைகளும் இதைவிட நன்றாகவும் செய்திருக்கின்றன. மலாவியின் சிராட்சுலு மாவட்டத்தில் கத்தோலிக்கர்கள் நடத்தும் மான்ட்ஃபோர்ட் கல்லூரி, கண்பார்வை இல்லாத, காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்க அரசு ஆசிரியர்களையே பயிற்றுவிக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மேரிஸ் மீல்ஸ் என்ற அறக்கட்டளை 2002-ல் மலாவியில் 200 பிள்ளைகளோடு தொடங்கியது. தனிப் பள்ளி கட்டாமல் இருக்கிற பள்ளிகளுக்குள்ளேயே சோயா கலந்த மக்காச்சோளக் கஞ்சி கொடுக்கிறது. பெற்றோர்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள். இதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது: கஞ்சி தொடங்கியதும் சேர்க்கை ஏறும், அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் மாறி வருவார்கள். கூடவே ஆசிரியரும் வராவிட்டால் முதல் வகுப்பு தாங்காது.

கட்டுரையைப் படித்துக் காணிக்கை அனுப்ப நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். வகுப்பறை கட்டுவதைவிட ஆசிரியர் குடியிருக்க வீடு கட்டக் கொடுங்கள். கிராமத்தில் குடியிருக்க வீடு இல்லாததால் ஆசிரியர்கள் பலர் டவுனுக்கு மாற்றல் கேட்கிறார்கள். செங்கல், மணல், தண்ணீர் ஊர்க்காரர்கள் தருவார்கள். சிமென்ட், கூரைத் தகடு, மரம், கதவுக்குத்தான் பணம் வேண்டும். சுவர் எழுப்பும்போதே கம்பியைப் பதித்துக் கூரை மரத்தை அதோடு கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் புயலில் தகடு பறந்துவிடும். மரத்துக்குக் கரையான் மருந்து பூச வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்திடம் ஆசிரியர் பணியிடத்துக்கு எழுத்துமூலம் உறுதி வாங்க வேண்டும். அந்த வீட்டுக்கு வருபவர் முதல் வகுப்பைத்தான் எடுப்பார் என்று தலைமையாசிரியரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவரும் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.