காலநிலை மாற்றம் பற்றிய கருத்தாய்வை ஊராரோடு சேர்ந்து நடத்தக் கோரும் மனு

2025.09.10

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

ஊடாக: பிரதேச செயலாளர், வலிகாமம் கிழக்கு.

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

நிலாவரைக் கிணற்றுக்கும் உப்பாற்றுக் கடல்நீரேரிக்கும் இடையிலுள்ள ஊர் ஒன்றின் சனசமூக நிலையத்தார் நாங்கள். அநேகர் தோட்டக்காரர், சிலர் வயற்காரர். இதை எழுதும் நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்.

இரண்டு வருடங்களுக்கு முன் காலநிலை மாற்றம் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஒரு ஆய்வுக் குழு எங்கள் ஊருக்கு வந்தது. நல்ல பிள்ளைகள். வீடு காட்ட நானும் கூடப் போனேன். படிவத்தின் முதற் கேள்வி: ‘காலநிலை மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை எந்தளவுக்கு ஏற்றுக்கொள்கிறீர்கள்?’ எதிரே ஐந்து கட்டங்கள். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா கேள்வியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஓம் எண்டு சொன்னால் தண்ணி பவுசர் வருமோ தம்பி?” என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டு ‘தெரியாது’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார்கள். அவருடைய கிணறு பங்குனி பிறந்தால் உப்பேறிச் சவர்த்துவிடும். அதனால் கோடைப் பயிரைப் பாதியாகக் குறைத்துவிட்டார், குடிதண்ணீரைக் கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுவருகிறார். இதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இருக்கவில்லை.

ஆய்வின் முடிவு இன்றுவரை எங்கள் கைக்கு வரவில்லை. எங்கள் ஊர் எங்கேயோ ‘விழிப்புணர்வு குறைந்த ஊர்’ என்று பதிவாகியிருந்தால் ஆச்சரியமில்லை. அதற்கு மருந்தும் தெரிந்ததுதான்: ஒரு பதாகை, ஒரு கருத்தரங்கு, மத்தியானம் பொதிச் சோறு.

குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. அதைத்தான் வருடம் முழுவதும் இறைக்கிறோம். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதையும் அதே கணக்குச் சொல்லும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பதை நான் வகுப்பில் படிப்பிக்கப் போனபோது பிள்ளைகள் எனக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ஆகவே எங்கள் சனத்துக்கு இது தெரியாத விஷயமல்ல. ‘காலநிலை மாற்றம்’ என்ற பெயர்தான் புதிது. அவர்கள் வாயில் அது ‘பருவம் தப்பிப்போச்சு’.

வெள்ளத்தைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசம்பரில் புரவிப் புயல், 2024 நவம்பரில் மறுபடியும் வெள்ளம். கேட்டால் பெரியவர்கள் “எங்கட காலத்திலயும் வெள்ளம் வந்தது” என்பார்கள். படிவத்தில் இது காலநிலை மாற்றத்தை மறுப்பதாகப் பதிவாகும். கொஞ்சம் பொறுத்திருந்து கேட்டால் அடுத்த வரி வரும்: அப்போது வந்த வெள்ளம் வடிந்தது. வடிந்த வாய்க்காலுக்குக் குறுக்கே இன்று மதில் நிற்கிறது, குளம் நிரவிக் காணியாகிவிட்டது.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்று கேட்கலாம். குத்தகைக்குத் தோட்டம் செய்பவர் மழைநீர் இறங்கக் கிடங்கு வெட்ட மாட்டார். காணிக்காரர் கனடாவில். அடுத்த போகத்துக்குக் காணி கையில் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. அவரை ‘அக்கறையற்றவர்’ என்று எழுதுவது அநியாயம். குடிதண்ணீர் அள்ளுவது பெண்கள், படிவத்துக்குப் பதில் சொல்வது வீட்டுத் தலைவர். இதையும் நான் கண்டேன்.

ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 2024இல் வெளியிட்ட கருத்தாய்வில் 77 நாடுகளைச் சேர்ந்த 73,000க்கும் மேற்பட்டோரிடம் கேட்டிருந்தார்கள். ஐந்தில் நால்வர் தங்கள் அரசாங்கம் இன்னும் உறுதியாகச் செயற்பட வேண்டும் என்றார்கள். சரி, நல்ல செய்திதான். அதை வைத்து எங்கள் ஊரில் எந்த மதகைப் பெருப்பிப்பது என்று முடிவெடுக்க முடியாது. வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024 ஓகஸ்டில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்தைக் கடற்றொழிலாளர்கள் எதிர்த்தது தங்களுக்கு நினைவிருக்கும். குழாயும் இயந்திரமும் எவ்வளவு முக்கியமோ, சனம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதும் அவ்வளவு முக்கியம்.

காலநிலை மாற்றத்துக்கு நாடு தன்னை இசைவாக்கிக்கொள்ள வகுத்த, 2016 முதல் 2025 வரைக்கான தேசிய இசைவாக்கத் திட்டத்தின் காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்து எது வந்தாலும், அதற்கு முன் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தங்கள் செயலகத்தின் மேற்பார்வையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஒழுங்கான ஒரு கருத்தாய்வு நடத்தும்படி கேட்கிறோம். கேள்விகளை வேறு மொழியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவராமல் கமக்காரர் அமைப்புகளோடும் மாதர் சங்கங்களோடும் கடற்றொழிலாளர் சங்கங்களோடும் இருந்து தமிழில் எழுத வேண்டும். நம்புகிறீர்களா என்பதை விட, எப்போது விதைத்தீர்கள், எதைக் கைவிட்டீர்கள், எந்த மாதம் தண்ணீர் சவர்த்தது, எது தடுத்தது என்று கேட்க வேண்டும். பெண்களிடமும் குத்தகைக்காரரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். தயவுசெய்து நிவாரணப் பதிவு நடக்கும் நாளில் வேண்டாம். அன்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கேட்கும் வீட்டுக் கிணற்றின் உப்பளவையும் அன்றே அளந்து எழுதினால் சனம் சொல்வதையும் கருவி காட்டுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முக்கியமாக, முடிவுகளை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து தமிழில் வாசிக்க வேண்டும். பிழையென்றால் அந்த இடத்திலேயே நாங்கள் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் முன்னோடியாகத் தொடங்குவதானால் சனசமூக நிலைய மண்டபத்தைத் தருகிறோம். வீடு காட்ட உயர்தரம் (ஏ.எல்.) படித்த பிள்ளைகள் பத்துப் பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள். மாரி தொடங்க முன் ஒரு சுற்று, பங்குனியில் கிணறு சவர்க்கும்போது இன்னொரு சுற்று என்று வைத்தால் நல்லது. தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
சனசமூக நிலையம் (உறுப்பினர்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)