மில்க்வீட் விதைப் பொட்டலம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
இயற்கைக் கழகப் பொறுப்பாசிரியர்,
தமிழ்ப்பள்ளி, பினாங்கு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விதை விற்பனை நிறுவனம், கோலாலம்பூர்.

பொருள்: மில்க்வீட் விதைப் பொட்டலத்தில் தவறான விவரம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் பள்ளியின் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்காக உங்கள் இணையக் கடையில் மில்க்வீட் விதைகள் வாங்கினோம். சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்று வளரும் பால்வடியும் செடி அது. ஒரு பொட்டலம் 9 ரிங்கிட் 90 சென். மாணவர்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்துக் கொடுத்த பணம் அது. ஒரு விதைகூட முளைக்கவில்லை. சில விதைகள் பொய்த்துப்போவது எந்தத் தோட்டத்திலும் உண்டு. அதற்காக நான் கடிதம் எழுத மாட்டேன். இந்த மண்ணில் அப்படியே விதைத்தால் முளைக்காத விதையை, முளைக்கும் என்று அச்சிட்டு விற்றிருக்கிறீர்கள். அதுதான் என் புகார்.

பொட்டலத்தின் முன்பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ. அது வெப்பமண்டல மில்க்வீட், அஸ்கிலேபியஸ் குராசவிகா. இங்கே வீட்டுத் தோட்டங்களில் வளர்வது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயரோ அஸ்கிலேபியஸ் சிரியாகா. அது வட அமெரிக்கச் செடி. இலை அகலம், பூ வெளிர் இளஞ்சிவப்பு. இரண்டின் விதைகளும் பழுப்பாக, தட்டையாக, பட்டிழையோடு இருப்பவை. கையில் எடுத்துப் பார்த்து எது எது என்று சாதாரண வாடிக்கையாளரால் சொல்ல முடியாது. நீங்கள் அச்சிட்டதை நம்பித்தான் நாங்கள் வாங்குகிறோம்.

சிரியாகாவின் விதை இலையுதிர் காலத்தில் மண்ணில் விழுந்து, குளிர்காலம் முழுவதும் ஈரத்திலும் பனியிலும் கிடந்து, வசந்தத்தில் முளைப்பது. அந்தக் குளிர் இல்லாமல் அதன் உறக்கம் எளிதில் கலையாது. அதனால்தான் அதை வளர்ப்பவர்கள் ஈர மணலிலோ ஈரத் தாளிலோ வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 30 நாள் விட்டுவைத்துப் பிறகு விதைக்கிறார்கள். பினாங்கில் இரவில்கூட வெப்பம் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. உங்கள் பொட்டலமோ நேரடியாக விதைக்கலாம், ஆண்டு முழுவதும் ஏற்றது, பத்து நாளில் முளைக்கும் என்கிறது. இவை அத்தனையும் குராசவிகாவுக்கு உரிய குறிப்புகள். குளிரூட்டி முளைக்கவைத்தாலும், ஆண்டுதோறும் குளிரில் தரையோடு பட்டுப்போய் மண்ணுக்கடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் செடிக்கு இங்கே என்ன எதிர்காலம்?

உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த பதில்: "தண்ணீரை அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்." பத்து வயதுப் பிள்ளைகள் முறைவைத்து, தெளிப்பானால் அளந்து தண்ணீர் விட்டார்கள். அதே தட்டில், அதே மண்ணில், பக்கத்து வீட்டுக் குராசவிகாவின் முற்றிய காய்களிலிருந்து எடுத்த விதைகளையும் போட்டிருந்தோம். அவை முளைத்து, வளர்ந்து, இப்போது பூத்தும்விட்டன. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வந்து இலைகளில் முட்டையிட்டுப் போயிருக்கிறது. குறை எங்கள் தண்ணீரில் இல்லை.

அந்தச் செடிகளின் தளிர்களில் சாற்றை உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி மொய்த்தபோது உங்களிடமே ஆலோசனை கேட்டோம். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்துக் குருணையை வேரடியில் போடச் சொன்னார்கள். அந்த மருந்து வேர் வழியாக இலைக்கு ஏறும். இலையைத் தின்னும் புழுவும் அசுவினியோடு சேர்ந்து சாகும். வண்ணத்துப்பூச்சிக்கென்று விதை விற்கும் இடத்தில் இப்படி ஒரு ஆலோசனையா என்று எனக்கு மனம் கொதித்தது. நாங்கள் மருந்து போடவில்லை. முட்டையும் புழுவும் இல்லாத தளிர்களாகப் பார்த்து, தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் 'சிறுவர்களுக்கு ஏற்றது' என்று இருக்கிறது. மில்க்வீட்டின் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும்; செடியைத் தின்றாலும் நஞ்சு. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் மாணவர்களுக்கு நாங்களே கையுறை கொடுத்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவச் செய்கிறோம். விவரம் தெரியாத வீட்டில் என்ன நடக்கும்?

பணத்தைத் திருப்பித் தாருங்கள். அது பிள்ளைகளின் பணம். ஆனால் அதைவிட எனக்கு முக்கியம், இந்தப் பொட்டலத்தை மலேசியாவில் விற்பதை உடனே நிறுத்துவது. படத்தில் இருக்கும் செடியின் விதையையே உள்ளே போடுங்கள், பூச்சிமருந்து பூசாமல். அறிவியல் பெயரைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போட்டு, பால் பற்றிய எச்சரிக்கையையும் சேருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் உண்மையைத் தெரிவியுங்கள். எத்தனை பேர் தங்கள் கைராசி சரியில்லை என்று வருந்திக்கொண்டிருக்கிறார்களோ!

விற்கும் பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. 14 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். இந்தக் கடிதத்தின் நகலைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் அனுப்புகிறேன். பொட்டலத்தின் இருபக்கப் படங்கள், ரசீது, உங்கள் சேவைப் பிரிவின் பதில்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
இயற்கைக் கழகப் பொறுப்பாசிரியர்